பேட்ச் போட்டாயிற்று என்றால் ஓட்டை அடைபட்டுவிட்டதா?

கேள்வியின் சுருக்கம் இது. நடுத்தர நிறுவனம் ஒன்றில் பன்னிரண்டு சர்வர்கள். பாதி விண்டோஸ், பாதி லினக்ஸ். முன்பு பார்த்துக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுப் போனதால் பொறுப்பு உங்கள் தலையில். ஒருமுறை பேட்ச் (மென்பொருளின் ஓட்டையை அடைக்கும் திருத்தம்) போட்டதில் கணக்கு மென்பொருள் இரண்டு நாள் எழவில்லை. அன்றிலிருந்து "ஓடுவதைத் தொடாதே" என்கிறது நிர்வாகம். இப்போது ஆடிட்டர் வந்து ஏன் இத்தனை பேட்ச் நிலுவையில் இருக்கிறது என்று கேட்கிறார். எதைப் போடுவது, எப்படிப் போடுவது, தானாகப் போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிடலாமா?

நிர்வாகத்தின் பயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது வெறும் பயம் இல்லை. 2022 ஜனவரி 11 அன்று மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட மாதாந்திர அப்டேட்டைப் போட்ட டொமைன் கன்ட்ரோலர்கள் (நிறுவனத்தின் பயனர் கணக்குகளையும் உள்நுழைவையும் நிர்வகிக்கும் சர்வர்கள்) பல நிறுவனங்களில் திரும்பத் திரும்பத் தாமாகவே ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்தன. ஒரே இயந்திரத்தில் பல விர்ச்சுவல் மெஷின்களை (மென்பொருளால் உருவான கணினிகளை) ஓட்டும் சில ஹைப்பர்-வி ஹோஸ்ட்களில் அவை எழவே இல்லை. அவசரத் திருத்தம் ஜனவரி 17 அன்றுதான் வந்தது. பேட்சால் சர்வர் விழும். இதை மறுத்துப் பேசினால் நிர்வாகம் உங்களை நம்பாது.

ஆனால் மறுபக்கக் கணக்கையும் அவர்கள் முன் வைக்க வேண்டும். 2003 ஜனவரி 25 அன்று எஸ்கியூஎல் ஸ்லாமர் என்ற புழு சுமார் பத்து நிமிடத்தில் உலகெங்கும் எழுபத்தைந்தாயிரம் அளவிலான கணினிகளைப் பிடித்தது. அது நுழைந்த ஓட்டைக்கான பேட்ச் 2002 ஜூலையிலேயே வந்துவிட்டது. 2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் மென்பொருள்) பரவியபோது, அதைத் தடுக்கும் பேட்ச் மார்ச் 14 முதல் கிடைத்துக்கொண்டிருந்தது. முதலாவதில் ஆறு மாத அவகாசம், இரண்டாவதில் இரண்டு மாதம். இன்று அவ்வளவு கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். பேட்ச் வெளியானதும் பழைய கோப்பையும் புதிய கோப்பையும் ஒப்பிட்டு, எந்த இடத்தில் என்ன மாறியிருக்கிறது என்று பார்த்து, ஓட்டை எங்கே என்று கண்டுபிடிப்பதைத் தொழிலாகவே செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பேட்ச் வெளிவந்த நாளில் போடாதவர்களின் ஆபத்து முந்தைய நாளைவிடக் கூடிவிடுகிறது. சர்வர் நிற்கப்போவது எப்படியும் உறுதி. நீங்கள் குறித்த நேரத்தில் நிற்கிறதா, இன்னொருவன் குறித்த நேரத்தில் நிற்கிறதா என்பதுதான் நிர்வாகம் தீர்மானிக்க வேண்டியது.

பேட்ச்களின் வகை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விண்டோஸில் 2003 அக்டோபர் முதல் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை பாதுகாப்பு அப்டேட்கள் வருகின்றன. இப்போது அவை திரட்டாக வருகின்றன: இந்த மாதத்து அப்டேட்டுக்குள் முந்தைய மாதங்களுடையவையும் அடக்கம். "இந்த ஒன்று வேண்டாம், மற்றதைப் போடுகிறேன்" என்று பொறுக்கி எடுக்க வழியில்லை. ஒரு மாதம் தவறவிட்டால் அடுத்த மாதத்துடன் சேர்ந்து வந்துவிடும் என்பது இதில் உள்ள ஒரே ஆறுதல். லினக்ஸில் ஒவ்வொரு பேக்கேஜுக்கும் தனித்தனியாக, நாள் கிழமை பார்க்காமல் வரும். இரண்டுக்கும் வெளியே ஃபர்ம்வேர் (வன்பொருளுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்), ஹைப்பர்வைசர் (விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் மென்பொருள்), டேட்டாபேஸ், பேக்கப் மென்பொருள், நீங்கள் வாங்கிய கணக்கு மென்பொருள் என்று ஒரு பட்டாளம் இருக்கிறது. விண்டோஸ் அப்டேட்டும், லினக்ஸில் பேக்கேஜ்களை நிறுவும் ஏபிடியும் டிஎன்எஃப்பும் இவற்றில் பெரும்பாலானவற்றைக் கண்டுகொள்ளாது. முன்பு இருந்தவர் பட்டியல் எதுவும் விட்டுச்செல்லவில்லை என்றால், உங்கள் முதல் வாரம் அந்தப் பட்டியலை எழுதுவதிலேயே போகட்டும்: எந்த சர்வர், எந்த ஓஎஸ், மேலே என்ன ஓடுகிறது, அதை நம்பியிருக்கிறவர் யார், இணையத்திலிருந்து நேராக எட்டக்கூடியதா.

அந்தக் கடைசிக் கேள்விதான் எதை முதலில் போடுவது என்பதையும் சொல்லும். ஓட்டையின் தீவிரத்தைப் பத்துக்கு அளவிடும் சிவிஎஸ்எஸ் மதிப்பெண் 9.8 என்று சிவப்பாகக் காட்டுவதை மட்டும் வைத்து ஓடாதீர்கள். உள்நெட்வொர்க்கில் மூன்று சுவருக்குப் பின்னால் இருக்கும் 9.8-ஐவிட, இணையத்தைப் பார்த்து நிற்கும் விபிஎன் பெட்டியில் (வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள் வரவிடும் கருவியில்) உள்ள 7.5 அவசரமானது, அதுவும் யாரோ ஏற்கெனவே அதைப் பயன்படுத்தித் தாக்கிக்கொண்டிருந்தால். அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசா, உண்மையிலேயே தாக்குதலில் பயன்படுத்தப்பட்ட ஓட்டைகளை மட்டும் தொகுத்து 2021 நவம்பர் முதல் ஒரு பட்டியலை வெளியிட்டு வருகிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். என் வரிசை இது: அந்தப் பட்டியலில் இருந்து, இணையத்தில் தெரியக்கூடியதாகவும் இருந்தால் ஓரிரு நாளில் போட்டுவிட வேண்டும், மாதாந்திர நேரத்துக்குக் காத்திருக்கக் கூடாது. அடுத்து டொமைன் கன்ட்ரோலர், ஹைப்பர்வைசர், பேக்கப் சர்வர். பேக்கப் சர்வரைப் பலரும் கடைசியில் தள்ளுவார்கள். ரான்சம்வேர்க்காரன் முதலில் தேடுவதே அதைத்தான். மற்றவை மாதாந்திர ஓட்டத்தில் வரலாம்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம். "நிறுவப்பட்டது" என்று திரை சொல்வதற்கும் ஓட்டை அடைபடுவதற்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது. பேட்ச் வேலையில் சிரமம் முழுக்க அந்த இடைவெளியில்தான்.

முதலாவது, நினைவகம். லினக்ஸில் ஓபன்எஸ்எஸ்எல் (இணைப்புகளை மறையாக்கம் செய்வது) போன்ற ஒரு லைப்ரரியை, அதாவது பல மென்பொருள்கள் பகிர்ந்துகொள்ளும் நிரல் தொகுப்பை, புதுப்பித்தால் வட்டில் உள்ள கோப்பு மாறும். ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வெப் சர்வர், அது தொடங்கியபோது நினைவகத்தில் ஏற்றிக்கொண்ட பழைய பிரதியையே பிடித்துக்கொண்டிருக்கும். பேக்கேஜ் பட்டியல் புதிய எண்ணைக் காட்டும், ஸ்கேனர்கூட ஏமாறலாம். 2014 ஏப்ரல் 7 அன்று ஓபன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்ப்ளீட் என்ற ஓட்டை வெளியானபோது, அப்டேட் செய்துவிட்டு சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யாத இடங்களில் ஓட்டை அப்படியே திறந்திருந்தது. அதில் இன்னொரு படியும் இருந்தது: பிரைவேட் கீ (சர்வரின் ரகசியச் சாவி) ஏற்கெனவே கசிந்திருக்கலாம் என்பதால், புதிய கீ உருவாக்கி, சான்றிதழை மாற்றி, பழையதை ரத்து செய்ய வேண்டியிருந்தது. டெபியன், உபுண்டு வகையில் நீட்ரீஸ்டார்ட் என்ற கருவியும், ரெட்ஹேட் வகையில் நீட்ஸ்-ரீஸ்டார்ட்டிங் என்ற கட்டளையும் எந்தெந்த சர்வீஸ் பழைய பிரதியில் ஓடுகிறது என்று சொல்லும். ஓஎஸ்ஸின் மையப்பகுதியான கர்னலுக்கு ரீபூட்தான் வழி. ஓடும் கர்னலையே திருத்தும் லைவ் பேட்ச் வசதி இருந்தாலும், அது முக்கியமான சில ஓட்டைகளை ரீபூட் வரை மூடிவைக்கும் ஏற்பாடு மட்டுமே. ஓடும் கர்னல் எண்ணையும் நிறுவிய கர்னல் எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நீங்கள் பொறுப்பேற்ற லினக்ஸ் சர்வர்களில் பாதியிலாவது இரண்டும் வேறாக இருக்கும் என்பது என் ஊகம்.

இரண்டாவது, அமைப்புகள். சில பேட்ச்கள் கதவைக் கொண்டுவந்து மாட்டும். தாழ்ப்பாளை நீங்கள்தான் போட வேண்டும். 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற பிராசஸர் ஓட்டைகளுக்கு வந்த அப்டேட்டில், விண்டோஸ் சர்வர்களில் பாதுகாப்பு இயல்பாகவே அணைக்கப்பட்டிருந்தது. விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியில் மதிப்புகளை எழுதினால்தான் வேலை செய்யும். டொமைன் கன்ட்ரோலரைக் கைப்பற்ற வழிவிட்ட ஜீரோலாகன் ஓட்டைக்கு 2020 ஆகஸ்ட் 11 அன்று முதல் கட்டம் வந்தது. பாதுகாப்பற்ற இணைப்புகளை முழுதாக மறுக்கும் இரண்டாம் கட்டம் 2021 பிப்ரவரி 9-இல்தான் கட்டாயமானது. நடுவில் இருந்த மாதங்கள், பழைய முறையில் இணையும் கருவிகளை ஈவென்ட் லாகில் (விண்டோஸின் நிகழ்வுப் பதிவில்) பார்த்து நீங்கள் சரிசெய்வதற்காக. பார்க்காதவர்களுக்குப் பிப்ரவரியில் அதிர்ச்சி காத்திருந்தது. விண்டோஸின் அச்சு சர்வீஸில் இருந்த பிரின்ட்நைட்மேர் ஓட்டைக்கு 2021 கோடையில் வந்த திருத்தமும், பிரின்டர் டிரைவர் நிறுவும் அமைப்புகள் தவறாக இருந்தால் பயனற்றுப்போனது. அதனால் ஒவ்வொரு மாதமும் அப்டேட்டுக்கான கேபி கட்டுரையை (மைக்ரோசாஃப்டின் விளக்கப் பக்கத்தை) திறந்து, தெரிந்த சிக்கல்கள் பகுதியையும், கூடுதலாகச் செய்ய வேண்டியவை பகுதியையும் படித்துவிடுங்கள். அரை மணி நேர வேலை.

மூன்றாவது, ஒளிந்திருக்கும் பிரதிகள். 2021 டிசம்பரில் லாக்4ஷெல் என்ற ஓட்டை வந்தபோது பலரையும் அலைக்கழித்தது, அந்த ஓட்டை இருந்த லாக்4ஜே என்ற ஜாவா லைப்ரரி எங்கெல்லாம் இருக்கிறது என்பதே தெரியாதது. ஜாவா மென்பொருள்கள் அதைத் தம் ஜார் கோப்புக்குள்ளே (ஜாவா நிரலைக் கட்டிவைக்கும் கோப்பு) இன்னொரு ஜாராக வைத்திருக்கும். ஓஎஸ்ஸின் பேக்கேஜ் மேலாளருக்கு அது தெரியவே தெரியாது. போதாததற்கு 2.15 போட்டவர்கள் 2.16-க்கும், பிறகு 2.17-க்கும் ஒரே மாதத்தில் ஓட வேண்டியிருந்தது. அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபேக்ஸின் கதையும் இதற்கு அருகில் வருகிறது. 2017 மார்ச்சில் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற வலைச் செயலி மென்பொருளுக்கான திருத்தம் வந்தது. உடனே போடும்படி நிறுவனத்துக்குள் மின்னஞ்சலும் போனது. ஸ்கேன் செய்தார்கள், ஓட்டை இருந்த சர்வரை ஸ்கேன் காட்டவில்லை. மே மாதத்தில் உள்ளே நுழைந்தவர்கள் ஜூலை இறுதிவரை இருந்தார்கள். சுமார் 14.7 கோடிப் பேரின் விவரம் போனது. அங்கே யாரும் பேட்ச் வேண்டாம் என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நான்காவது, ஏற்கெனவே உள்ளே வந்தவன். 2021 மார்ச் 2 அன்று மைக்ரோசாஃப்டின் மின்னஞ்சல் மென்பொருளான எக்ஸ்சேஞ்ச் சர்வருக்கு அவசர பேட்ச் வந்தபோது, தாக்குதல் முன்பே தொடங்கியிருந்தது. பேட்ச் போட்டால் ஓட்டை மூடும். ஓட்டை வழியாக வந்தவன் விட்டுச்சென்ற வெப் ஷெல் (வெளியிலிருந்து சர்வரை இயக்க உதவும் கள்ளக் கோப்பு) அப்படியே இருக்கும். ஏப்ரலில் அமெரிக்காவின் எஃப்பிஐ, நீதிமன்ற அனுமதி பெற்று, நூற்றுக்கணக்கான சர்வர்களிலிருந்து அவற்றைத் தானே நீக்க வேண்டியிருந்தது. "ஏற்கெனவே தாக்குதலில் பயன்பட்டது" என்று எந்த பேட்ச் பற்றிச் சொல்லப்பட்டாலும், போட்ட பிறகு லாக்கைப் புரட்டுவதும் அந்த வேலையின் பகுதி.

இதற்கு நேர் எதிரான குழப்பம் ஒன்று உங்கள் ஆடிட்டரிடம் இருக்கலாம்: ஓட்டை அடைபட்டிருக்கும், ஆனால் திறந்திருப்பதாகத் தெரியும். ரெட்ஹேட், டெபியன், உபுண்டு போன்றவை பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் எடுத்துத் தங்கள் பழைய பதிப்பில் பொருத்துகின்றன. அதனால் அப்பாச்சி வெப் சர்வரோ, தொலைவிலிருந்து நுழைய உதவும் ஓபன்எஸ்எஸ்ஹெச்சோ காட்டும் பதிப்பு எண் பழையதாகவே இருக்கும். அதன் பின்னால் வரும் பேக்கேஜ் எண் மட்டும் கூடும். பதிப்பு எண்ணை மட்டும் பார்க்கும் ஸ்கேனர் இதை நிலுவை என்று எழுதிவிடும். ஆடிட்டர் தரும் ஒவ்வொரு சிவிஇ எண்ணையும் (ஒவ்வொரு ஓட்டைக்கும் தரப்படும் பொது அடையாள எண்) அந்தந்த விநியோகத்தின் பாதுகாப்புப் பக்கத்தில் தேடுங்கள். எந்தப் பேக்கேஜ் எண்ணில் சரிசெய்யப்பட்டது என்று அங்கே இருக்கும். பேக்கேஜின் சேஞ்ச்லாகிலும் (மாற்றங்களின் பட்டியலிலும்) சிவிஇ எண் பதிவாகியிருக்கும். அதைக் காட்டினால் பட்டியலில் ஒரு பகுதி அங்கேயே கழிந்துவிடும். ஸ்கேனரை திருப்திப்படுத்துவதற்காக மூலநிரலைக் கொண்டுவந்து நீங்களே கம்பைல் செய்து புதிய பதிப்பைப் போட்டுவிடாதீர்கள். அன்றிலிருந்து அந்த மென்பொருளுக்கு எந்த அப்டேட்டும் தானாக வராது.

நிறுவும் நாளுக்கு வருவோம். பலரும் சொல்லாத ஒரு வேலையை முதலில் சொல்கிறேன்: பேட்ச் போடும் முன்பே சர்வரை ஒருமுறை ரீபூட் செய்யுங்கள். ஓராண்டாக ரீபூட் ஆகாத சர்வரில், யாரோ கையால் தொடங்கிவிட்டுப் போன சர்வீஸ், தொடங்கும்போது இணைக்க வேண்டிய வட்டுகளின் பட்டியலில் எழுதப்படாத வட்டு, கடவுச்சொல் மாறிய சர்வீஸ் கணக்கு என்று எத்தனையோ காத்திருக்கும். பேட்ச் போட்டு ரீபூட் செய்ததும் எல்லாம் ஒன்றாக வெடிக்கும். பழி பேட்ச் மேல் விழும். உங்கள் கணக்கு மென்பொருள் இரண்டு நாள் படுத்ததற்கும் இது காரணமாக இருக்க வாய்ப்பு உண்டு. அன்றைய லாக் கிடைத்தால் பாருங்கள். கிடைக்காவிட்டால், அந்த சர்வரை பேட்ச் இல்லாமல் வெறுமனே ரீபூட் செய்து பார்ப்பதே சோதனை.

பேக்கப் இருக்கிறது என்பது போதாது. அதிலிருந்து ரீஸ்டோர் செய்து பார்த்திருக்க வேண்டும். விர்ச்சுவல் மெஷினின் அந்த நேர நிலையைப் பிடித்துவைக்கும் ஸ்னாப்ஷாட் நல்ல வசதி, ஆனால் பேக்கப் ஆகாது. மூன்று நாளுக்கு மேல் ஒரு ஸ்னாப்ஷாட்டை வைத்திருக்க வேண்டாம் என்று விர்ச்சுவல் மெஷின் மென்பொருள் தயாரிக்கும் விஎம்வேர் நிறுவனமே சொல்கிறது. அது வளர்ந்துகொண்டே போய் ஸ்டோரேஜை நிரப்பினால், பேட்ச் செய்யாத கெடுதலை அது செய்துவிடும். டொமைன் கன்ட்ரோலரையும் டேட்டாபேஸையும் ஸ்னாப்ஷாட்டுக்குத் திருப்புவதில் வேறு சிக்கல். மற்ற கன்ட்ரோலர்கள் முன்னே போயிருக்க இது மட்டும் பின்னே போனால், பழைய அமைப்புகளில் ரெப்ளிகேஷனே (கன்ட்ரோலர்கள் தங்களுக்குள் தகவலை ஒத்திசைப்பதே) குலைந்துவிடும். டேட்டாபேஸில் இடைப்பட்ட பதிவுகள் போய்விடும். இரண்டுக்கும் அவற்றுக்கே உரிய பேக்கப் முறையைப் பயன்படுத்துங்கள். இரண்டு டொமைன் கன்ட்ரோலர் இருந்தால் ஒரே இரவில் இரண்டையும் தொட வேண்டாம்.

வட்டில் இடம் இருக்கிறதா பாருங்கள். லினக்ஸில் பூட் பகிர்வு நிரம்பியிருந்தால் புதிய கர்னல் அரைகுறையாக நிற்கும். நெட்வொர்க் வராவிட்டாலும் திரையைப் பார்க்க ஐட்ராக், ஐலோ (சர்வருக்குள்ளேயே இருக்கும் தொலைக் கட்டுப்பாட்டு வசதிகள்) போன்ற வழி திறக்கிறதா என்று முன்பே நுழைந்து பாருங்கள். விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கரின் மீட்புக் கீகளை அந்த சர்வர்களுக்கு வெளியே வைத்திருங்கள். டெஸ்ட் சர்வர் இல்லையென்றால், உள்ளதில் குறைந்த சேதம் தரக்கூடிய சர்வரில் முதலில் போட்டு, ஒரு வாரம் கழித்து மற்றவற்றுக்குப் போங்கள்.

பின்வாங்கும் வழியும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். லினக்ஸில் தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் பழைய கர்னலைத் தேர்ந்தெடுக்கலாம்; டிஎன்எஃப்பில் வரலாற்றிலிருந்து ஒரு நிறுவலைத் திருப்பலாம், பழைய பேக்கேஜ் ரெபாசிட்டரியில் (பேக்கேஜ்கள் தரவிறக்கப்படும் கிடங்கில்) இன்னும் இருந்தால். விண்டோஸில் ஒரு சிக்கல் உண்டு: இப்போதைய திரட்டு அப்டேட்டுக்குள் சர்வீசிங் ஸ்டாக்கும் (அப்டேட்டை நிறுவும் பகுதியும்) சேர்ந்தே வருவதால், வூசா கட்டளையால் நீக்கப் போனால் மறுத்துவிடும். டிஸ்ம் கட்டளையில் பேக்கேஜின் முழுப் பெயரைக் கொடுத்து நீக்க வேண்டும். நள்ளிரவில் இதைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். டேட்டாபேஸின் அமைப்பையே மாற்றும் அப்டேட்களுக்குப் பின்வாங்கும் வழி கிடையாது, ரீஸ்டோர் மட்டும்தான்.

முடிந்த பிறகு பிங் வருகிறது என்று படுக்கப் போய்விடாதீர்கள். தானாகத் தொடங்க வேண்டிய சர்வீஸ்களில் எது நிற்கிறது என்று பாருங்கள். கணக்குப் பிரிவில் ஒருவரை முன்கூட்டியே பேசிவைத்து, உள்ளே நுழைந்து ஒரு சோதனைப் பதிவு போட்டு, ஓர் அறிக்கையை அச்செடுக்கச் சொல்லுங்கள். சர்வர் உயிரோடு இருக்கிறது என்று சொல்லும் தகுதி அவருக்குத்தான் உண்டு.

தானாக விட்டுவிடலாமா? ஒரே வேலையைச் செய்யும் லினக்ஸ் வெப் சர்வர்கள் இரண்டு மூன்று இருந்தால், பாதுகாப்பு அப்டேட்களை மட்டும் தானாகப் போட விடுங்கள். நான் தயங்க மாட்டேன். நிலையான பதிப்பின் பாதுகாப்பு ரெபாசிட்டரியிலிருந்து மட்டும் எடுக்க வேண்டும். 2024 மார்ச்சில் லினக்ஸில் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் லைப்ரரியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு கண்டுபிடிக்கப்பட்டபோது, டெபியனின் நிலையான பதிப்பில் இருந்தவர்களை அது தொடவில்லை. டேட்டாபேஸ், டொமைன் கன்ட்ரோலர், கணக்கு சர்வர் ஆகியவற்றில் தரவிறக்கம் தானாக நடக்கட்டும், நிறுவுவது நீங்கள் இருக்கும் நேரத்தில். விண்டோஸ் அப்டேட்களை நிறுவனத்துக்குள்ளிருந்தே விநியோகிக்கும் டபிள்யூசஸ் ஏற்கெனவே ஓடுகிறது என்றால் பயன்படுத்திக்கொள்ளுங்கள். அதில் புதிய வசதிகள் இனி வராது என்று 2024 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் அறிவித்துவிட்டதால், புதிதாக அமைக்க நான் சொல்ல மாட்டேன். ஆன்டிவைரஸ் ஏஜென்ட்களையும் கணக்கில் சேருங்கள். 2024 ஜூலை 19 அன்று சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை வீழ்த்திய, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் கோப்பு, எந்த நிறுவனத்தின் பேட்ச் அட்டவணையிலும் இல்லாத வழியாகத்தான் வந்தது.

பட்டியல் எழுதும்போது விண்டோஸ் சர்வர் 2012-ஓ சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸோ கண்ணில் பட்டால் அது தனி வழக்கு. முன்னதன் வழக்கமான ஆதரவு 2023 அக்டோபர் 10-இலும், பின்னதன் ஆதரவு 2024 ஜூன் 30-இலும் முடிந்தன. காசு கொடுத்து நீட்டிப்பு வாங்கவில்லையென்றால், "நிலுவை பேட்ச் எதுவும் இல்லை" என்று அவை காட்டுவதை நம்பாதீர்கள். வருவது நின்றதால்தான் நிலுவை இல்லை. மாற்றும் தேதி முடிவாகும்வரை அவற்றைத் தனி நெட்வொர்க்கில் ஒதுக்கி, தேவையான போர்ட்களை மட்டும் திறந்து வையுங்கள்.

நிர்வாகத்திடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: மாதம் ஒரு இரவு, இரண்டாம் செவ்வாய்க்கு அடுத்த வாரத்தில், நான்கு மணி நேரம், எழுத்தில். எந்த சர்வரையாவது தொடக் கூடாது என்று சொன்னால், அதற்கான பொறுப்பை யார் ஏற்கிறார், எந்தத் தேதிவரை என்று அதே காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஆடிட்டருக்குத் தேவைப்படும் ஆவணமும் பெரும்பாலும் அதுவே. முதல் மாதம் லினக்ஸ் வெப் சர்வர்களையும் இணையத்தைப் பார்க்கும் கருவிகளையும் முடியுங்கள். கணக்கு சர்வருக்கு அந்த மாதம் வெறும் ரீபூட் மட்டும். அதன் மென்பொருளை விற்றவரிடம், எந்த விண்டோஸ் அப்டேட்வரை சோதித்திருக்கிறார்கள் என்று மின்னஞ்சலில் கேட்டு வையுங்கள். பதில் வந்த பிறகு, இரண்டாம் மாதம் அதைத் தொடலாம்.